வேலை, வீடு, மழைக்கு நடுவே பாட்காஸ்ட்: மலையூர்க்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பாட்காஸ்ட், அதாவது போனில் கேட்கும் ஒலி நிகழ்ச்சி, தொடங்கச் சொல்லித்தர ஆள் நிறைய உண்டு. எந்த மைக் வாங்கலாம், எந்த ஆப்பில் ஏற்றலாம் என்று கேட்டால் பத்து பேர் பதில் சொல்வார்கள். நாலைந்து எபிசோடு போன பிறகு மாமனாருக்கு உடம்பு சரியில்லை, அலுவலகத்தில் மார்ச் மாதக் கணக்கு, பிள்ளைக்குப் பரீட்சை என்று எல்லாம் ஒன்றாக வரும்போது என்ன செய்வது என்று கேட்டால்தான் சத்தம் இருக்காது.

நான் கோத்தகிரியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மிச்ச நேரத்தில், இந்த மலையில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களின் வேலைக் கதைகளைப் பதிவு செய்து வெளியிடுகிறேன். ஸ்டுடியோ கிடையாது, உதவிக்கு ஆள் கிடையாது. அப்படி இருப்பவர்களுக்காகத்தான் இது. என் கட்சி ஒன்றுதான்: வாரம் ஒரு எபிசோடு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒரு சீசன், அதாவது ஐந்தாறு எபிசோடு கொண்ட ஒரு தொகுப்பு, போதும். சீசனின் எல்லா எபிசோடும் முடிந்து கையில் இருந்தால் மட்டும் முதல் எபிசோடை வெளியிடுங்கள். கீழே வரும் எல்லாமே இதை நடத்திக் காட்டும் வழிகள்தான்.

மணிக்கணக்கு

20 நிமிட எபிசோடு என்றால் 20 நிமிட வேலை என்று வீட்டில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சில நேரம் நாமும்தான். உண்மைக் கணக்கு வேறு. பேசப்போகிறவரிடம் முன்கூட்டிப் பேசிவைக்க ஒரு மணி நேரம். பதிவுக்கு ஒன்றரை. பதிவானதை முழுக்கக் கேட்டுக் குறிப்பெடுக்க ஒன்றரை. வெட்டி ஒட்ட இரண்டரை. முன்னுரை, முடிவுரை எழுதிப் பேச ஒரு மணி நேரம். விவரக்குறிப்பு எழுதி ஏற்ற அரை மணி. கூட்டினால் எட்டு. புதிதாக வருகிறவர்களுக்கு வெட்டி ஒட்டும் எடிட்டிங் மட்டுமே நான் சொன்ன இரண்டரை மணியைப்போல இரண்டு மடங்கு இழுக்கும்.

இப்போது உங்கள் பக்கத்துக் கணக்கு. இரண்டு வாரத்துக்கு ஒரு தாளில், நிஜமாகவே உங்களுக்கென்று கிடைத்த நேரத்தைக் குறித்துவையுங்கள். கிடைக்க வேண்டிய நேரத்தை அல்ல, கிடைத்த நேரத்தை. வேலைக்குப் போய் வீட்டையும் பார்க்கிற பலருக்கு வாரம் மூன்று மணி நேரம் தேறினால் பெரிய விஷயம். ஜனவரி முதல் மே வரை சுமார் 20 வாரம், வாரம் மூன்று மணி, ஆக 60 மணி நேரம். எட்டு மணி நேர எபிசோடு ஆறு என்றால் 48. மீதி 12 மணி நேரம் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் கரண்ட் கட்டுக்கும். இந்த 12ஐ எடுத்து ஏழாவது எபிசோடு செய்யத் தோன்றும். செய்யாதீர்கள்.

மலையின் காலண்டரைப் பார்த்துச் சீசன் போடுங்கள்

சமவெளியில் இருப்பவர்களுக்கு எல்லா மாதமும் ஒன்றுதான். நமக்கு அப்படி இல்லை. கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழைதான் அதிகம். தகரக் கூரையில் மழை விழும் சத்தம், பேச்சின் எல்லா அலைவரிசையிலும் பரவி நிற்கும். அதை மட்டும் பிரித்தெடுக்க முயன்றால் பேசுகிறவர் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல ஆகிவிடும். மழை நாளில் பதிவு வைக்காமல் இருப்பதுதான் மருந்து.

ஏப்ரல், மே சுற்றுலா சீசன் மாதங்கள். மலர் கண்காட்சி, ஹார்ன், ஊர் முழுக்க வண்டி. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வந்துவிட்டது, ஹார்ன் சத்தம் மட்டும் என் காதுக்குக் குறையவில்லை. தவிர, லாட்ஜ், டாக்சி, கடை என்று பிழைப்பவர்கள் யாரும் அந்த இரண்டு மாதம் உங்களோடு உட்கார்ந்து பேசமாட்டார்கள்.

மிஞ்சுவது ஜனவரி, பிப்ரவரி, மார்ச். வானம் வெளுத்திருக்கும். பனியில் கொழுந்து வரத்து குறைந்திருப்பதால், சின்னத் தோட்டக்காரர்களுக்கும் பேச நேரம் இருக்கும். படுகர் ஊர்களில் யாரையாவது பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால் ஹெத்தை பண்டிகை முடிந்த பிறகு கேளுங்கள், அதற்கு முன்னால் அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. கொடைக்கானல், பண்ணைக்காடு பக்கமும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

ஆக: ஜனவரி முதல் மார்ச் வரை பதிவு. அதோடும், பிறகு ஏப்ரல், மே மாதங்களிலும் கிடைக்கும் நேரத்தில் எடிட்டிங். ஜூனில் வெளியீடு, இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஆறு எபிசோடு ஆகஸ்ட் வரை ஓடும். மழைக்காலம் முழுக்க உங்கள் நிகழ்ச்சி வந்துகொண்டே இருக்கும், நீங்களோ ஒரு வார்த்தைகூடப் பேசவேண்டியது இருக்காது. கேட்கிறவர்களும் அப்போதுதான் வீட்டுக்குள் இருப்பார்கள்.

“வாராவாரம் போடாவிட்டால் மறந்துவிடுவார்கள்” என்று சொல்வார்கள். விளம்பரத்தை நம்பி நடப்பவர்களுக்கு அது சரி. நம்மை இருநூறு பேர் கேட்கிறார்கள் என்று வையுங்கள். அவர்கள் ஃபாலோ செய்திருந்தால், ஒன்பது மாதம் கழித்து வந்தாலும் எபிசோடு அவர்கள் போனில் தானாக வந்து நிற்கும்.

தலைப்பு: தேடினால் கிடைக்காததை எடுங்கள்

மலை ரயில் 1899ல் குன்னூர் வரை வந்தது, 1908ல் ஊட்டியைத் தொட்டது, 2005ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இதைச் சொல்ல நீங்கள் தேவையில்லை, போனில் தட்டினால் வந்துவிடும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே, பல்சக்கரத் தண்டவாளத்தில் ஒவ்வொரு பெட்டியிலும் ஆள் நின்று பிரேக் பிடிப்பார்கள். மழையில் அந்த இடத்தில் நிற்க என்ன உடுத்துவார்கள், கை விறைத்துப்போனால் என்ன செய்வார்கள் என்பது அந்த வேலை பார்த்தவருக்கு மட்டும்தான் தெரியும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களும் அப்படித்தான். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968ல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது புத்தகத்தில் இருக்கும். மண்டபம் முகாமிலிருந்து மலை ஏறிவந்த முதல் ராத்திரி எங்கே படுத்தார்கள் என்பது இருக்காது.

இப்படிக் குறுகிய தலைப்பு எடுத்தால் நேரமும் மிச்சம். படித்துத் தயாராக வேண்டியது குறைவு, கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும். ஒரு சீசனுக்கு ஒரே தொழில், அல்லது ஒரே ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பேசி முடிவு செய்வது

இதைத் தலைப்புக்கும் முன்னால் வைத்திருக்கலாம், அவ்வளவு முக்கியம். “கொஞ்ச நேரம் கிடைச்சா செய்துக்கறேன்” என்று சொல்லித் தொடங்கினால் எப்போதும் யாரோ ஒருவரின் நேரத்தைத் திருடிக்கொண்டுதான் இருப்பீர்கள், அது அவர்களுக்கும் தெரியும். கிழமை, மணி இரண்டையும் வெளிப்படையாகக் கேட்டு வாங்குங்கள், பதிலுக்கு என்ன தருகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு காலை ஐந்திலிருந்து ஏழு வரை எனக்கு. சனிக்கிழமை சாயங்காலம் என் கணவருக்கு. அவர் பந்து விளையாடப் போனாலும் சரி, தூங்கினாலும் சரி, நான் கேட்பதில்லை. இது இரண்டும் சமையலறைக் காலண்டரில் எழுதியிருக்கிறது.

சத்தத்தையும் தனியாகப் பேசி முடிக்க வேண்டும். “அத்தை, ஆறரை வரைக்கும் மிக்ஸி வேண்டாம்” என்று மாமியாரிடம் சொன்னேன். “நீ பேசும்மா, நான் சட்னியை அம்மியிலயே அரைச்சுக்கறேன்” என்றார். நல்ல மனசு. ஆனால் மிக்ஸி சத்தம் காற்றில் வரும், கதவைச் சாத்தினால் பாதி குறையும். அம்மி தரை வழியாக வந்து மேஜை கால் ஏறி நேராக மைக்குக்குள் போகும். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை சட்னியை சனி ராத்திரியே அரைத்து வைப்பது என்று முடிவானது. மைக்குக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றும் போட்டுவிட்டேன். இரண்டுமே வேலை செய்கிறது.

குழந்தைகளின் குரல், வீட்டுச் சண்டை, யாருடைய உடம்பு நிலைமை இதையெல்லாம் கேட்காமல் எபிசோடில் சேர்க்காதீர்கள். கேட்டுச் சேர்த்தாலும் பிள்ளைகள் விஷயத்தில் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

பதிவு

அறை முக்கியம், மைக் அதற்கு அப்புறம்தான். மலை வீட்டில் நமக்கு ஒரு வசதி, கம்பளிக்குப் பஞ்சமில்லை. படுக்கையறையில், துணி அடுக்கிய பீரோவைத் திறந்துவைத்து அதைப் பார்த்து உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் கொடி கட்டி இரண்டு கம்பளியைத் தொங்கவிடுங்கள். கை தட்டிப் பாருங்கள், எதிரொலி வராமல் “டப்” என்று செத்து விழுந்தால் அறை தயார்.

ராத்திரி அமைதியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். சில்வண்டுச் சத்தம் நம் காதுக்குப் பழகிப்போயிருக்கும், மைக்குக்குப் பழகாது. தெளிவான பேச்சில் ‘ச’, ‘ஸ்’ ஒலிகள் இருக்கும் உயர்ந்த சுருதியிலேயே அதுவும் இருப்பதால் எடுப்பது கடினம். விடிகாலைதான் நல்லது. ஜனவரியில் விடிகாலை என்றால் மூக்கடைப்பும் சேர்ந்து வரும், எழுந்து அரை மணி நேரமாவது வெந்நீர் குடித்துப் பேசிப் பழகிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். பதிவில் இரைச்சல் வராமல் இருக்க ஃப்ரிட்ஜை அணைத்து வைக்கும் பழக்கம் இருந்தால் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே போட்டுவிடுங்கள். கிளம்பும்போது சாவி தேடுவீர்கள், ஃப்ரிட்ஜை மறுபடி போட மறக்கமாட்டீர்கள்.

மைக் விஷயத்தில் என் அபிப்பிராயம்: முதல் சீசனுக்கு போனில் செருகும் சட்டை மைக் போதும், சில நூறு ரூபாய்தான். இரண்டாவது சீசன் வந்தால், கிட்டே பேசுவதை மட்டும் அதிகம் பிடிக்கும் டைனமிக் வகை யுஎஸ்பி மைக் ஒன்று வாங்கலாம். மேஜையில் வைக்கும் பெரிய கண்டென்சர் வகை எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் நம் ஊருக்கு வேண்டாம். அது அறையின் எல்லாச் சத்தத்தையும் இழுக்கும், ஈரம் ஏறினால் படபடவென்று பொரியும். எந்த மைக்காக இருந்தாலும் மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வெளிக்குளிரிலிருந்து அடுப்பெரியும் வீட்டுக்குள் நுழைந்தவுடன் வெளியே எடுத்தால் நீர் கோர்த்துக்கொள்ளும். பையிலேயே அரை மணி நேரம் இருக்கட்டும், அதற்குள் டீ வந்துவிடும்.

போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில். பதிவு ஆப்பின் மீட்டரில் சத்த அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும். பேசத் தொடங்குமுன் யாரும் பேசாமல் முப்பது விநாடி பதிவு செய்யுங்கள். பின்னால் இரைச்சலைக் குறைக்கவும், வெட்டிய இடத்தை ஒட்டவும் அந்த மௌனம்தான் உதவும்.

பெரியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்யும்போது இவ்வளவு கெடுபிடி நடக்காது. கோழி கூவும், பேத்தி ஓடிவருவாள். விடுங்கள். ஒன்றை மட்டும் விடாதீர்கள்: பேரும் ஊரும் சொல்லி, “இதை வெளியிட எனக்குச் சம்மதம்” என்று அவர் குரலிலேயே முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட் செய்ததை வெளியிடுமுன் அவருக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். நிலத் தகராறு, பங்காளிச் சண்டை என்று அன்று ஆவேசத்தில் பேசியதை மறுநாள் வேண்டாம் என்பார். எடுத்துவிடுங்கள், எவ்வளவு சுவையாக இருந்தாலும். தோடர், கோத்தர் போன்ற சமூகங்களின் பாட்டையோ சடங்கையோ பதிவு செய்தால் பாடியவர் ஒருவரின் சம்மதம் போதாது, ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்க வேண்டும்.

எடிட்டிங்: கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் நேரத்தைக் குறைப்பது

பாதிப் பாட்காஸ்ட் செத்துப்போவது இங்கேதான். கேட்பதும் வெட்டுவதும் வேறு வேறு வேலை என்று பிரித்துவிடுங்கள். கேட்பதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. பதிவைப் போனில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலோ பாத்திரம் கழுவும்போதோ கேளுங்கள். வேண்டியது, வேண்டாதது, நேரம் மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: “12.40 முதல் 15.10 வரை எடு”, “21.05 அருமை, தொடக்கத்தில் வை”. இரண்டாவது முறை அந்த நோட்டை மட்டும் பார்த்து வெட்டுங்கள். ஆடாசிட்டி என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும், இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

ஒவ்வொரு ‘ம்’மையும் ‘வந்து’வையும் தேடித்தேடி எடுக்காதீர்கள். எண்பது வயதுக்காரர் யோசித்துப் பேசுகிற இடைவெளியை வெட்டினால் அவர் செய்தி வாசிப்பவர் மாதிரி ஆகிவிடுவார். இருமல், போன் மணி, திரும்பத் திரும்பச் சொன்னது இவை போனால் போதும். இரைச்சல் நீக்கத்தை 6 முதல் 12 டெசிபலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் குரல் தகரமாகும். கடைசியில் சத்த அளவைச் சமப்படுத்துங்கள்: ஸ்டீரியோ (இடம், வலம் என இரண்டு தடம்) என்றால் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு), மோனோ (ஒரே தடம்) என்றால் மைனஸ் 19. இது செய்யாவிட்டால் கேட்பவர் ஒவ்வொரு எபிசோடுக்கும் வால்யூமைத் திருகிக்கொண்டே இருப்பார்.

பேச்சு நிகழ்ச்சிக்கு மோனோ எம்பி3, 64 கேபிபிஎஸ் (ஒரு விநாடிக்கான தரவு அளவு) தாராளம். 20 நிமிடம் 9.6 எம்பிதான் வரும். அதையே 320ல் ஏற்றினால் 48 எம்பி. மழை நாளில் சிக்னல் ஒரு புள்ளியில் ஊசலாடும்போது இந்த வித்தியாசம் புரியும், ஏற்றும் உங்களுக்கும் சரி, இறக்கிக் கேட்கும் எஸ்டேட்காரருக்கும் சரி.

சினிமாப் பாட்டு வேண்டாம், பின்னணியில் பத்து விநாடிகூட. பத்து விநாடிக்குள் என்றால் பரவாயில்லை என்பது காப்புரிமைச் சட்டத்தில் இல்லாத விதி. படைத்தவரே பொதுப் பயன்பாட்டுக்கு அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைப்பதை, அதன் நிபந்தனையைப் படித்துப் பார்த்து, பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம், அல்லது ஊரில் புல்லாங்குழல் வாசிக்கும் பையனிடம் அரை நிமிடம் வாங்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

வெளியீடு

எபிசோடுகளை இணையத்தில் வைத்து ஆப்களுக்குக் கொடுக்கும் சேவைதான் ஹோஸ்டிங். இலவச ஹோஸ்டிங்கில் தொடங்கலாம், தப்பில்லை. ஆனால் பின்னாளில் வேறு இடத்துக்கு மாறினால் பழைய ஃபீட் முகவரியிலிருந்து (ஆப்கள் உங்கள் எபிசோடுகளை எடுத்துக்கொள்ளும் இணைய முகவரி) புதியதற்குத் திருப்பிவிட வசதி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். கூகுள் பாட்காஸ்ட்ஸ் ஆப் 2024ல் மூடப்பட்டது. ஃபீட் கையில் இருந்தவர்களின் நிகழ்ச்சி மற்ற ஆப்களில் அப்படியே ஓடியது. கணக்கு தொடங்கும் மின்னஞ்சல் உங்கள் சொந்த முகவரியாக இருக்கட்டும், அலுவலக முகவரி கூடாது. இருவர் சேர்ந்து நடத்தினால் கடவுச்சொல் இருவரிடமும் இருக்க வேண்டும்.

அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம். போனில் அது தபால்தலை அளவுதான் தெரியும் என்பதால் ஊசி மாதிரி எழுத்தும் பனிமூட்டப் படமும் வேண்டாம். ஆறு எபிசோடையும் ஒரே நாளில் ஏற்றி, தேதி குறித்து வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கரண்ட் போனாலும் மண் சரிந்து ரோடு மூடினாலும் எபிசோடு அந்தந்த நாளில் வெளியே போகும். உங்கள் வேலை அன்று உறவுக்கார வாட்ஸப் குழுக்களில் இணைப்பைப் போடுவது மட்டும்.

எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைச் சீசன் முடிந்ததும் ஒருமுறை பாருங்கள். தினமும் பார்த்தால் எண் கூடாது, உங்கள் ரத்த அழுத்தம்தான் கூடும்.

அலுவலகமும் காசும்

மாநில அரசு ஊழியர் என்றால் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 உங்களுக்குப் பொருந்தும். நிகழ்ச்சியின் தன்மையை எழுதி அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுவிடுவது நல்லது. வருமானம் ஏதும் வருவதாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள். தனியார் வேலை என்றால் பணி நியமன ஆணையில் வெளி வேலை பற்றி என்ன இருக்கிறது என்று படியுங்கள். அலுவலக லேப்டாப்பில் எடிட் செய்யாதீர்கள்.

காசு வரும் என்று எதிர்பார்த்து இதை நடத்த முடியாது. வருடத்துக்கு இவ்வளவுதான் செலவு என்று ஒரு தொகையை வீட்டில் சொல்லிவிட்டு அதற்குள் நில்லுங்கள். பேக்கரிக்காரரோ ஹோம்மேட் சாக்லேட் கடைக்காரரோ ஒரு சீசனின் ஹோஸ்டிங் கட்டணத்தை ஏற்றுக்கொண்டால் தொடக்கத்தில் ஒரு வரி நன்றி சொல்லுங்கள்.

இடைவேளையும் பாதுகாப்பும்

கடைசி எபிசோடோடு ஒரு நிமிடத் துணுக்கு ஒன்றையும் பதிவு செய்து ஏற்றுங்கள்: சீசன் முடிந்தது, அடுத்தது ஜூன் மாதம், எதைப் பற்றி. இது இல்லாமல் நின்றால் கைவிட்டுவிட்டீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

வெட்டாத மூலப் பதிவுகளை அழிக்காதீர்கள். ஒரு மணி நேர மோனோ வேவ் (சுருக்காத ஒலி) கோப்பு சுமார் 320 எம்பி, ஒரு சீசன் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு பென்டிரைவில் அடங்கும். ஒரு பிரதி வீட்டில். இன்னொன்று ஹார்ட் டிஸ்க்கில், முடிந்தால் கோவையிலோ மதுரையிலோ உறவினர் வீட்டில், இங்கே ஈரம் எதையும் விட்டுவைப்பதில்லை. வெளியிட்ட எபிசோடுகளை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாக ஏற்றலாம். பேசியவரின் குடும்பத்துக்கு முழுப் பதிவையும் கொடுத்துவிடுங்கள், கேட்கும்வரை காத்திருக்காமல்.

சொன்ன ஜூனில் வர முடியவில்லையா, வீட்டில் ஏதோ நடந்துவிட்டதா? விவரக்குறிப்பில் மாதத்தை மட்டும் மாற்றி எழுதுங்கள். தாமதத்துக்கு விளக்கம் சொல்லும் எபிசோடு எதுவும் போடாமல், தயாரானதும் நேராக முதல் கதையில் தொடங்குங்கள்.